சிகரெட்டை நிறுத்த மாத்திரை: அரசுக் காப்பீடு தருமா?

கேள்வி:
அப்பா சிகரெட்டை நிறுத்த டாக்டர் வெரினிக்ளின் மாத்திரை எழுதியிருக்கிறார், 12 வாரத்துக்கு. காப்பீட்டில் கேட்டால், "இது நோய்க்கு இல்லை, பழக்கத்துக்கு" என்று தட்டிக்கழிக்கிறார்கள். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பணம் வருமாம்! என்ன செய்யலாம்?

பதில் 1:
மருந்துச் சீட்டில் 'நிகோட்டின் அடிமைத்தனம்' என்று நோயாகவே எழுதச் சொல்லுங்கள். ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் அதற்கு எஃப்17 என்ற குறியீடே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வெரினிக்ளினை 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மேல்முறையீட்டில் இரண்டையும் போடுங்கள்.

பதில் 2:
தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், நிகோட்டின் சூயிங்கம் 2009லேயே அந்த அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உண்டு. அவற்றுக்கும் சீட்டு வாங்கி வையுங்கள், கடையில் சும்மா வாங்கினால் பணம் திரும்புவது சந்தேகம். அப்புறம், வெரினிக்ளினுக்கு மாற்றாக புப்ரோபியான் என்ற மாத்திரை தருகிறோம் என்றால், வலிப்பு வந்தவருக்கு அது ஆகாது.

கேட்டவர்:
வலிப்பெல்லாம் இல்லை. சரி, நாளைக்கே சீட்டை மாற்றி வாங்குகிறேன்.