மறு: 'பொஸ்ச்சுரல் ஸ்வே'க்குத் தமிழ் என்ன? திங்கள் அச்சுக்குப் போகிறது

ஹட்டனிலிருந்து:
வணக்கம். தோட்டத்து முதியவர்கள் விழாமல் நடப்பது பற்றிய துண்டுப்பிரசுரம் 'பொஸ்ச்சுரல் ஸ்வே' என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் இருந்து வரும் உணர்வு மூன்றும் சேர்ந்து அதைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடிப் பாருங்கள், ஆட்டம் கூடும். (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.) பனி மூடிய காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 'தள்ளாட்டம்' என்று எழுதியிருக்கிறேன், சரியா?

பதுளையிலிருந்து:
வேண்டாம் டீச்சர். லயத்து வீடுகளில் கொடுத்தால், "நான் குடிக்கிறதே இல்லை" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அசைவு என்று பொருள்படும் 'துளக்கம்' சும்மாதானே கிடக்கிறது? 668ஆம் குறளின் 'துளங்காது' அதே வேர். துளங்கு, தளம்பு, ததும்பு மூன்றும் ஒரே குடும்பமோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். வானொலியில் தினமும் 'வளிமண்டலத் தளம்பல்' கேட்கிறோமே, அதுவும்...

ஹட்டனிலிருந்து:
சேர், அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். "பாத்திரம் துலக்குறதா?" என்றார்.

கண்டியிலிருந்து:
குறளில் வருவது மனத்தின் தளர்ச்சி, இங்கே பேசுவது உடம்பை. 'நிலையூசல்' என்று வைக்கலாம். நிற்கும் உடம்பைக் கணுக்காலில் ஊன்றிய தலைகீழ் ஊசலாக வைத்துத்தான் இயக்கவியலில் கணக்கே போடுகிறார்கள். லீ, ஆரன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்: தரை அப்படியே இருக்க, சுற்றுச்சுவர்களை மட்டும் நகர்த்தினார்கள், அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகள் தடுமாறினார்கள், சிலர் விழுந்தே போனார்கள். ஆட்டிவைத்தது கண்தான், தரை இல்லை. ஊஞ்சலில் இருப்பவரை வேறொருவர் ஆட்டுவதுபோல என்று வையுங்களேன். ஊஞ்சலும் ஊசலிலிருந்து வந்ததுதான், திருவாசகத்தின் திருப்பொன்னூசல் ஞாபகம் இருக்கிறதல்லவா?

பதுளையிலிருந்து:
ஞாபகம் இருக்கிறது. ஊசிப்போன சோறும் ஞாபகம் வருகிறது.

ஹட்டனிலிருந்து:
இனி நேரமில்லை. அம்மா அடுப்படியில் கண்ணை மூடி நின்று பார்த்துவிட்டு, "ஆமா, உடம்பு ஆடுது" என்றார். முன்பக்கத்தில் 'உடல் ஆட்டம்', பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் 'நிலையூசல்'. அனுப்பிவிட்டேன்.

பதுளையிலிருந்து:
காமன் கூத்தும் ஆட்டம்தான் டீச்சர். என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தளம்பல் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.