ஹீட் பம்ப், ஜன்னல் மாற்றியதற்கு வரிச்சலுகை எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி (எடிசன்வாசி):
நியூஜெர்சியில் சொந்த வீடு. 2025 நவம்பரில் ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் மின் கருவி) போட்டோம், கூலியோடு 14,000 டாலர். டிசம்பரில் பரணில் இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் பொருள்) போட்டதில் பொருளுக்கு 1,500, கூலி 900. ஜன்னல்களுக்கும் டிசம்பரிலேயே முழுப் பணம் கட்டிவிட்டோம், ஆனால் ஆள் வந்து மாட்டியது ஜனவரியில்தான். வீட்டில் எரிசக்தியைச் சேமிக்கும் வேலைகளுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் 30% வரிச்சலுகை இவை எல்லாவற்றுக்கும் உண்டா?

பதில் (கணக்குப்பிள்ளை):
ஜன்னலுக்குக் கிடைக்காது, வருத்தமாகத்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் இந்தச் சலுகையை டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. பணம் கட்டிய தேதி கணக்கில் வராது, வேலை முடிந்த தேதிதான். ஹீட் பம்புக்குக் கூலியும் சேரும், 30% என்றால் 4,200, ஆனால் உச்சவரம்பு 2,000. அதுவும் உங்கள் மாடல் தகுதியுள்ளதா என்று பாருங்கள், எல்லா ஹீட் பம்பும் தேறாது. இன்சுலேஷனுக்குக் கூலி சேராது, பொருளுக்கு மட்டும் 450. 2025 வருமான வரி ரிட்டர்னோடு இந்தச் சலுகைக்கான படிவம் 5695 வையுங்கள்.

பதில் (டெட்ராய்ட் அக்கா):
தம்பி, ஒன்று கவனியுங்கள். இது கட்ட வேண்டிய வரியைத்தான் குறைக்கும், வரியே குறைவாக இருந்தால் மீதி கைக்கு வராது, அடுத்த வருடத்துக்கும் போகாது. மின்சார நிறுவனம் ஏதாவது தள்ளுபடி கொடுத்திருந்தால் அதைச் செலவிலிருந்து கழித்துவிட்டுத்தான் 30% போட வேண்டும். அப்புறம், ஹீட் பம்ப் தயாரிப்பாளரின் நான்கு எழுத்து அடையாளக் குறியீட்டையும் படிவத்தில் எழுத வேண்டும், அதை ஒப்பந்ததாரரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

எடிசன்வாசி:
நன்றி அக்கா. ரசீதில் குறியீடு இல்லை, நாளைக்கே கேட்கிறேன்.