1/35 பான்ஸர் IV: மெல்லிய பக்கவாட்டுக் கவசத் தகடுகளைக் கையால் செய்வது எப்படி?

கேள்வி:
இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கியான பான்ஸர் IV-இன் H வகை மாடலை 1/35 அளவில் கட்டி வருகிறேன். ஷுர்ட்சன் எனப்படும் பக்கவாட்டுக் கவசத் தகடுகள் பெட்டியில் வார்ப்புப் பிளாஸ்டிக்காக வந்துள்ளன. வெர்னியரால் அளந்தபோது தடிமன் 0.8 மி.மீ. இருந்தது. உண்மை அளவுக்கு மாற்றினால் இது 28 மி.மீ.; டாங்கியின் பக்கச் சுவரே 30 மி.மீ.தான் என்பதால், மேலே தொங்கும் மெல்லிய தகடு இன்னொரு சுவரைப் போலத் தெரிகிறது. ஓரங்களை உட்புறமாகச் சீவிப் பார்த்தேன். ஆனால் ஒரு தகட்டைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்ததாகக் காட்ட விரும்புவதால், அதன் முழுத் தடிமனும் வெளிப்பட்டுவிடுகிறது. குளிர்பானக் கேனைக் கத்தரிக்கோலால் வெட்டியபோதோ ஓரம் சுருண்டுகொண்டது. எந்தப் பொருளை, எந்தத் தடிமனில் எடுப்பது நல்லது?

மறுமொழி 1:
முதலில் உண்மையான அளவைப் பார்ப்போம். சோவியத் படையின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளின் குண்டுகளைத் தடுமாறச் செய்வதற்காக 1943இல் இந்தத் தகடுகள் அறிமுகமாயின. உடற்பகுதித் தகடு 5 மி.மீ., கோபுரத்தை (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதி) சுற்றியுள்ள தகடு 8 மி.மீ.; 1/35இல் இவை முறையே 0.14, 0.23 மி.மீ. ஆகின்றன. ஆகவே உடற்பகுதிக்கு 0.15 மி.மீ. பித்தளைத் தகடும், கோபுரத்துக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டும் ஏறத்தாழப் பொருந்தும். கேனின் சுவர் சுமார் 0.1 மி.மீ. என்பதால் அதையும் ஒதுக்க வேண்டியதில்லை. பெயிண்ட் ஏறியபின் அந்தக் குறை பெருமளவு ஈடாகிவிடும்.

கத்தரிக்கோலை மட்டும் விட்டுவிடுங்கள். அது தகட்டை இழுத்து வளைத்துத்தான் வெட்டும். எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, புதிய பிளேடால் ஒரே கோட்டில் பலமுறை மென்மையாகக் கீறி, பின்பு அந்தக் கோட்டில் முன்னும் பின்னும் மெதுவாக மடக்கினால் தகடு நேராக முறியும். கண்ணாடியின் மேல் வைத்து உருண்டையான கம்பியால் உருட்டினால் கேனின் வளைவும் தட்டையாகிவிடும்.

மறுமொழி 2:
தகட்டை விட, அதைத் தாங்கும் அமைப்பே கடினம் என்பது என் அனுபவம். உண்மையான டாங்கியில் நீளமான சட்டத்தின் மேல் நிற்கும் முக்கோணப் பற்களில்தான் தகடுகள் தொங்குகின்றன. ஆகையால் சட்டத்தை முதலில் மாடலில் பொருத்தி, அட்டையில் வெட்டிய மாதிரித் தகடுகளைத் தொங்கவிட்டுப் பார்த்து, இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருப்பதை உறுதி செய்த பிறகே உலோகத்தில் கை வையுங்கள். நான் அவசரப்பட்டு முதலில் தகடுகளை வெட்டி, ஒரு பக்கம் முழுவதையும் மீண்டும் செய்ய நேர்ந்தது.

பற்களைச் சூப்பர் க்ளூவால் ஓரத்தோடு ஓரமாக ஒட்டினால் சிறு இடியிலேயே கழன்றுவிடும். ஒவ்வொரு பல்லின் அடியிலும் மடிக்கக்கூடிய சிறு காலை விட்டு வெட்டி, அதைச் சட்டத்தின் உட்புறம் எபாக்ஸியால் பிடிக்கச் செய்யுங்கள். பித்தளையானால் ஈயப்பற்று அதைவிட உறுதி. 0.13 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அவ்வளவு மெல்லிய ஷீட்டைத் திரவப் பசை கரைத்து நெளித்துவிடும்.

மறுமொழி 3:
கோபுரத் தகட்டையும் பித்தளையில் செய்ய நினைத்தால் மட்டும் அதை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மென்மையாகி வளைவை ஏற்கும். தேவையான வளைவைவிடச் சற்றுச் சிறிய குழாயில் சுற்றுங்கள், ஏனெனில் கையை எடுத்ததும் கொஞ்சம் விரியும். உடற்பகுதித் தகடுகளைச் சூடாக்கக் கூடாது. விறைப்பு போய், தொட்டாலே நெளிந்துவிடும். கேனின் இரு புறமும் பூச்சு இருப்பதால் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உலோகத்துக்கான பிரைமர் அடித்த பிறகே வண்ணம் தீட்டுங்கள். பிரைமரைத் தவிர்த்தால் முதலில் உரிவது ஓரங்கள்தான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கீறி முறிக்கும் முறையில் கேன் தகடு சுருளாமல் வந்தது. இருப்பினும் தொங்கும் தகடுகளைப் பித்தளையிலும், கழற்றி வைக்கும் ஒன்றை மட்டும் கேனிலும் செய்யவிருக்கிறேன். அதை அழிரப்பரின் மேல் வைத்து மழுங்கிய குச்சியால் அழுத்தியபோது, எதிலோ மோதி நசுங்கியது போன்ற பள்ளம் மிக இயல்பாக விழுந்தது. அட்டை மாதிரிகளை இன்று சட்டத்தில் மாட்டிப் பார்த்தேன். இடப்பக்கச் சட்டம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகே பித்தளையை வெட்டப் போகிறேன்.