‘உயர் இயங்கு வீச்சு’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (இரவு ஒளிப்படப் பாடம், அவசரம்)

ம. எழுதியது:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இரவில் எச்டிஆர் (High Dynamic Range: வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை) படம் எடுப்பது பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எச்டிஆருக்கு ‘உயர் இயங்கு வீச்சு’ என்று போட்டிருந்தேன். வகுப்பில் படித்துப் பார்த்த பிள்ளைகள், ஓடுகிற பொருளைப் படம்பிடிக்கும் முறை என்று எண்ணிக்கொண்டார்களாம். நடப்போ நேர்மாறு. நாலைந்து படங்களை ஒன்றாக்கும்போது நடுவே ஒரு வண்டி நகர்ந்தாலே அது பாதி உருவமாக நின்று படத்தைக் கெடுக்கும். எதுவும் இயங்கக் கூடாத வேலைக்கு ‘இயங்கு’ என்று பெயர்!

மாற்றுச் சொல் உண்டா?

ந. எழுதியது:

‘இயங்கு’ மட்டுமா சிக்கல்? ‘வீச்சு’ இயற்பியலில் அலையின் உயரம், புள்ளியியலில் பெரும மதிப்புக்கும் சிறும மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, ஊர்வழக்கில் அரிவாளுக்கு அடைமொழி. இதற்கு மேல் ஒளிப்படக்காரர்களும் அதன் தலையில் ஏற வேண்டுமா? எறிபொருள் பாடத்தில் ‘நெடுக்கம்’ (range) சும்மா கிடக்கிறது. அதை எடுங்கள்.

முன்னொட்டாகப் ‘பெரு’ சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெருமை + ஒளி = பேரொளி. ‘பேரொளி நெடுக்கம்’ என்றால் பெரியது ஒளியா, நெடுக்கமா? இரவுப் படத்துக்குப் பேரொளி என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள்.

செ. எழுதியது:

நான் இலக்கணக்காரன் அல்லன், படம் எடுப்பவன். சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

ஒரு காட்சியில் மிக வெளிச்சமான இடம் மிக இருண்ட இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் விஷயம். ஒளி இரட்டிப்பதை ஒரு ஸ்டாப் என்கிறோம். 10 ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. 14 என்றால் 16,384 மடங்கு. நல்ல கேமராவின் உணரி 14 ஸ்டாப் அளவுக்குப் பிடிக்கும். தெருவிளக்கும் அதன் பின்னாலுள்ள மரத்தடி இருட்டும் ஒரே சட்டகத்தில் வந்தால் அதுவும் போதாமல் போகலாம். அதனால் முக்காலியில் வைத்து, லென்சின் துளையையும் ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்திறன் அமைப்பு) மாற்றாமல், உணரியில் ஒளி விழும் நேரத்தை மட்டும் அரை வினாடி, 2, 8, 30 என்று கூட்டி எடுத்துச் சேர்க்கிறோம்.

யாரும் சொல்லாத ஒன்று: சேர்த்த கோப்பில்தான் அந்த நெடுக்கம் இருக்கிறது. சாதாரணத் திரையிலும் தாளிலும் அது கொள்ளாது. ஆகவே அதைச் சுருக்குகிறோம். நாம் கண்ணால் பார்க்கிற ‘எச்டிஆர் படம்’ உண்மையில் சுருக்கப்பட்ட படம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் குழப்பம்.

‘உயர்’ என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் நிழலையெல்லாம் வெளிச்சமாக்கி உயர்த்திவிடுகிறார்கள். கூரை விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம், வானம் சாம்பல் நிறம், இரவு என்றே தெரியாது. இயல்பாக வர வேண்டுமானால் கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். விளக்கின் நடுப்பகுதி வெளுத்துப் போகட்டும், சுற்றியுள்ள கூடும் சுவரும் தெரிந்தால் போதும். பெயரில் ‘உயர்’ வேண்டாம் என்பது என் ஒரே வேண்டுகோள்.

பு. எழுதியது:

நண்பர்களே, இவ்வளவு அலைவானேன்? ‘எல்’ இருக்கிறதே! “எல்லே இலக்கம்” என்கிறது தொல்காப்பியம். எல் என்றால் ஒளி. அதிலிருந்து வந்த எல்லை பொருநராற்றுப்படையில் “எல்லையும் இரவும்” என்று பகலைக் குறிக்கிறது. பிறகு அதுவே வரம்பு என்றும் ஆயிற்று. சங்கப் பாடல்களில் ‘எல்லி’ என்றால் இரவு! ஒளி, பகல், இரவு, வரம்பு நான்கும் ஒரே வேரில். பகல் முடியும் இடம் எல்லை, அதற்கப்பால் எல்லி என்று பொருள் நகர்ந்திருக்கும் என்பது என் துணிபு. இரவுப் படத்தின் ஒளிநெடுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் கிடைக்கும்? ‘எல்நெடுக்கம்’ என்று வையுங்கள்.

கா. எழுதியது:

அருமையான வேர், ஐயா. படிக்கப்போவது பதினாறு வயதுப் பிள்ளை. அவன் செல்பேசியில் எச்டிஆர் என்றுதான் இருக்கிறது. எல் என்றால் சட்டை அளவு என்று நினைப்பான். எச்டிஆர் என்றே எழுதி, ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதாதா?

பு. எழுதியது:

போதும் என்றால் இந்தக் குழு எதற்கு, அம்மா? ‘கணினி’ என்ற சொல் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

ந. எழுதியது:

பு. ஐயாவுக்குப் புணர்ச்சி விதியை நினைவூட்ட வேண்டிய நிலை வந்ததே! நல் + நெறி = நன்னெறி. அதுபோல எல் + நெடுக்கம் = என்னெடுக்கம். யாருடைய நெடுக்கம் என்று கேட்பார்கள்.

பு. எழுதியது:

கலைச்சொல்லில் புணர்ச்சியைத் தளர்த்தலாம் என்பது பலரும் ஏற்ற நடைமுறை. பேரொளிக்கு மட்டும் விதி பேசியவர் யார் என்பதையும் பார்க்கவும்.

த. எழுதியது:

இடையில் ஒரு செய்தி. இந்த வேலை கணினியோடு பிறந்ததில்லை. 1850களிலேயே பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். பல படங்களிலிருந்து காட்சியின் ஒளியளவைக் கணக்கிட்டு மீட்கும் வழியை டெபெவெக், மாலிக் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டது 1997இல். ஒளியளவை மீட்காமலே ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதியை எடுத்துக் கலக்கும் முறை 2007இல் வந்தது. இரவுக் காட்சிக்குப் பின்னதுதான் பெரும்பாலும் இயல்பாக இருக்கிறது. அதற்கும் எச்டிஆர் என்றே பெயர் சொல்கிறார்கள், அதில் நெடுக்கக் கோப்பே உருவாகாவிட்டாலும். ‘ஒளிக்கோவை’ என்று சொன்னால் எல்லா முறைக்கும் பொருந்துமே?

கா. எழுதியது:

கோவை என்றால் ஊர், பழம், சிற்றிலக்கியம். நான்காவது பொருளும் வேண்டுமா?

செ. எழுதியது:

எனக்கு ‘ஒளி நெடுக்கம்’ சரி. சுருக்குவதற்கு ‘ஒளிச்சுருக்கம்’. பிள்ளைகளிடம் “நெடுக்கத்தைப் பிடி, அளவாகச் சுருக்கு” என்று சொல்லிவிடலாம். பாதி பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

ந. எழுதியது:

‘ஒளிச்சுருக்கம்’ கோப்பின் அளவைச் சுருக்குவது போல ஒலிக்கிறது. ‘ஒளியிசைவு’ பார்க்கலாம். வற்புறுத்தவில்லை.

ம. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாளை காலை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். தலைப்பில் எச்டிஆர், உள்ளே ‘ஒளி நெடுக்கம்’, ‘ஒளிச்சுருக்கம்’ என்று வைத்துவிட்டேன். மறுப்பில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்தச் சொற்களில் எதையும் இருவர் சேர்ந்து மறுக்கவில்லை. பாதி உருவமாக நிற்கும் வண்டிக்கு ‘ஆவியுரு’ என்று போட்டிருக்கிறேன்.

பு. எழுதியது:

என் கட்டுரைகளில் எல்நெடுக்கம் தொடரும். அது கிடக்கட்டும், ‘ஆவியுரு’ எப்போது முடிவானது? ஆவி என்றால் மூச்சு, உயிர், நீராவி. பேய்ப்பொருள் பின்னால் வந்து ஏறியது. ‘எச்சவுரு’ என்று மாற்றுங்கள். அச்சுக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறதல்லவா?