கடலுக்குப் போய் மலையேறியவர்கள்: தெர்ராச்சீனா அனுபவங்கள்

குடந்தைவாசி:

ரோமில் நான்கு நாள் நடந்து கால் வீங்கியதும், ஐந்தாம் நாளாவது கடலில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்றார் மனைவி. விடுதிக்காரர் சொன்ன ஊர் தெர்ராச்சீனா. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையில் உள்ள கடற்கரை ஊர். போய்வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

வரைபடத்தில் ஊர்வரைக்கும் தண்டவாளம் தெரியும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். 2012-இல் பாறை சரிந்ததால் அந்தக் கிளைப்பாதையை மூடிவிட்டார்கள். நாங்கள் போனபோதும் அது திறக்கவில்லை. மோந்தே சான் பியாஜோ என்னும் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். டிக்கெட்டைக் காப்பிக் கடையிலோ புகையிலைக் கடையிலோ முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் சில்லறையை நீட்டிக்கொண்டு நின்ற எங்களை அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கடற்கரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல மணல், வரிசை வரிசையாக வாடகைக் குடைகள், அமைதியான அலை. மனைவி தண்ணீரில் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். ஊருக்கு மேலே வெள்ளைப் பாறை மலை, அதன் உச்சியில் வரிசையாகக் கல் வளைவுகளோடு ஒரு பழைய கோயில். பார்த்தபின் எனக்கு மணலில் உட்கார மனம் வரவில்லை.

மேல் ஊர் அந்த உச்சிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கீழே உள்ள ஊர் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் ஆறாம் பயஸ் பக்கத்துச் சதுப்பு நிலத்தை வடிக்க முற்பட்டபோது வளர்ந்தது. மேலே இருப்பதுதான் பழைய ஊர். ரோமானியருக்கு முன் இங்கே இருந்த வோல்ஷி மக்கள் அதை அங்சூர் என்று அழைத்தார்கள், கி.மு. 329-இல் ரோமானியர் அங்கே குடியேற்றம் அமைத்தார்கள். சந்துகளில் மூச்சிரைக்க ஏறினால், ஒரு திருப்பத்தில் சட்டென்று முற்றம் விரிகிறது. காலுக்குக் கீழே ரோமானியர் பாவிய கற்பலகைகள். வேலி இல்லை, கண்ணாடி இல்லை. அதன்மேல் காப்பிக் கடை நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்; பையன்கள் சைக்கிள் விடுகிறார்கள். ரோமிலிருந்து தெற்கே கி.மு. 312-இல் போடத் தொடங்கிய அப்பியா சாலை இந்த முற்றத்தின் வழியாகத்தான் போனது.

பிற்பகல் இரண்டு மணி. இத்தாலியச் சிற்றூர்களில் அந்த நேரத்தில் எல்லாம் சாத்தியிருக்கும், பேராலயமும் அப்படியே. அதன் முன்மண்டபத் தூண்களை முகம் தேய்ந்த விலங்குகள் முதுகில் தாங்கியிருந்தன. மாமல்லபுரத்துச் சிங்கத் தூண்களைப் பார்த்த கண்ணுக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை. படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தபோதுதான் அந்தப் பெரியவர் வந்தார். கையில் தடி, தோளில் மடித்த செய்தித்தாள். எங்களுக்கு இத்தாலிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வரச்சொல்லிக் கையசைத்து முற்றத்தின் நடுவுக்குக் கூட்டிப்போனார்.

தரையில் பெரிய பெரிய லத்தீன் எழுத்துகள், கல்லில் குழியாக. ஒரு காலத்தில் அந்தக் குழிகளில் வெண்கலம் பதித்திருந்தார்களாம். பெரியவர் தடியை ஒரு குழிக்குள் விட்டு, மேலிருந்து கீழ், குறுக்கே ஒரு கோடு என்று இழுத்து உரக்கச் சொன்னார்: "ஆ". அடுத்த எழுத்து. அதற்கடுத்தது. மணலில் விரல் பிடித்து எழுதவைக்கும் வாத்தியாரைப் போல, நாங்கள் திருப்பிச் சொல்லும்வரை நகரவில்லை. அயெமிலியுஸ். அந்தத் தளத்தைப் பாவியவரின் பெயர் அது. முடிந்ததும் தன் செருப்பை ஒரு எழுத்துக்குள் வைத்து அளவு காட்டிச் சிரித்தார். பிறகு எங்கள் ரொட்டியைப் பார்த்து ஏதோ குறை சொல்லிவிட்டுப் போனார். அது மட்டும் மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்தது.

மங்கை:

குடந்தைவாசி சார், ஒரு சின்னத் திருத்தம். கீழிருந்து நீங்கள் பார்த்த வளைவுகள் கோயில் அல்ல. சரிவில் இடம் போதாமல் ரோமானியர் எழுப்பிய மேடையின் தாங்குசுவர் அது. கடலைப் பார்த்து 12 வளைவுகள். அதன் மேல் நின்ற கோயிலில் இன்று மிஞ்சியிருப்பது அடித்தளம்தான். ஊரில் அதை ரோமானியரின் தலைமைத் தெய்வமான ஜூபிடரின் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஊர் ஜூபிடர் மீசை முளைக்காத பிள்ளை உருவம். ஆனால் மேலே காதல் தெய்வமான வீனஸின் பெயர் பொறித்த காணிக்கைகளும் கிடைத்திருப்பதால், பெரிய கோயில் அவளுக்கு உரியது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்குப் பிள்ளை ஜூபிடரை விட்டுக்கொடுக்க மனமில்லை. காரணம் சொல்கிறேன்.

நாங்கள் மேல் ஊரிலிருந்து நடந்தே போனோம். கடல் மட்டத்திலிருந்து 227 மீட்டர். வெயில் ஏறுமுன் கிளம்பியது நல்லதாகப் போயிற்று. டிக்கெட் கொடுத்த பெண் என் மகளைப் பார்த்ததும் சொல்லிக்கொண்டிருந்த கோயில் கதையை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 1894-இல் இங்கே தோண்டியபோது கிடைத்த ஈயப் பொம்மைகள். விரல்கடை அளவு மேசை, நாற்காலி, தட்டு. அப்பட்டமான சொப்புச் சாமான்! குழந்தைச் சாமிக்குக் காணிக்கையாகப் போட்டவை என்கிறார்கள். என் மகள் கேட்ட ஒரே கேள்வி, அடுப்பு இருந்ததா என்பது. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி யோசித்து, ரோம் அருங்காட்சியகத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று பொறுப்பாகப் பதில் சொன்னார். மறுநாள் ரோமுக்குத் திரும்பியும் போக நேரமில்லை. அடுப்புக் கேள்வி இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேடையின் ஓரத்தில் நின்றால் மேற்கே சிர்சேயோ மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கிரேக்கக் காப்பிய நாயகன் ஒடிசியஸின் ஆட்களைப் பன்றிகளாக்கிய மந்திரக்காரி சிர்சேயின் இடம் என்று பழங்காலத்திலிருந்தே அதைச் சொல்லிவருகிறார்கள். தெளிவான நாளில் போன்ஸாத் தீவுகளும் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை, புகைமூட்டம்.

நாவலூரான்:

இந்த ஊரில் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நான் கீழே பார்த்ததைச் சொல்கிறேன். பிஸ்கோ மொந்தானோ என்று கடலோரத்தில் செங்குத்தாக ஒரு பாறை. அப்பியா சாலை முதலில் மலைமேல் ஏறி இறங்கியது. அந்த ஏற்றத்தைத் தவிர்க்க, பேரரசர் டிராஜன் காலத்தில் இந்தப் பாறையின் அடியை வெட்டிச் சாலையைக் கடலோரமாகக் கொண்டுபோனார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதை வேலை செய்தவர்கள் மேலிருந்து கீழாக எண்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கீழே கண்மட்டத்துக்குப் பக்கத்தில் கடைசி எண், 120. ரோமானிய அடிக் கணக்கில். நம் கணக்குக்குச் சுமார் 35 மீட்டர். நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். அளவுப் புத்தகத்தைப் பாறையிலேயே எழுதி விட்டுப்போன ஒப்பந்தக்காரரை இங்கேதான் பார்த்தேன்.

அதே பாறையிலிருந்து ஆண்டுதோறும் ஓர் இளைஞனை அப்பல்லோவுக்குப் பலியாகக் குதிக்கவைத்தார்கள் என்றும், அதை எதிர்த்த ஆப்பிரிக்கத் திருத்தொண்டர் சிசேரியோவைச் சாக்கில் கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும் மரபுக்கதை உண்டு. பேராலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த போப் இரண்டாம் உர்பனை 1088-இல் தேர்ந்தெடுத்ததும் இந்த ஊரில்தான்.

வாடகைக் காரில் போகிறவர்கள் கவனிக்கவும். வழியில் வேறோர் ஊரில் வெளியார் வண்டிகள் நுழையக் கூடாத பழைய பகுதிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டேன். கேமரா பிடித்துவிட்டது. அபராதம் தனி, என் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்குக் கார் நிறுவனம் வசூலித்தது தனி.

பாலாற்றான்:

வேலை நிமித்தம், இந்த ஊர் அடங்கிய லத்தீனா மாவட்டத்தில் ஆறு மாதம் இருந்தேன். தெர்ராச்சீனாவுக்கு ஞாயிறுதோறும் போவேன். ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில் தலைப்பாகையோடு ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இந்தியில், "எந்த ஊர்?" என்றார். என் இந்தி ரயில் நிலைய இந்தி. இருந்தும் பஸ் வரும்வரை பேசினோம்.

சதுப்பு நிலம் 1930-களில் முழுதாக வடிந்து வயலானது. இன்று அந்த வயல்களிலும் பசுமைக்குடில்களிலும் குனிந்து வேலை செய்கிறவர்களில் ஏராளமானோர் பஞ்சாபிகள். 2016 ஏப்ரலில் கூலிக்காக லத்தீனாவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 ஜூனில் அதே மாவட்டத்தில் பண்ணை இயந்திரத்தில் கை துண்டான இந்தியத் தொழிலாளி ஒருவரை வீட்டருகே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு நினைவு வந்தது இந்தச் சைக்கிள்காரர்தான்.

அவர் ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறாராம். ஸ்ட்ராபெர்ரி, சுரைக்காய், கீரை. நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டார். மேலே என்று கைகாட்டினேன்.

"மேலே என்ன இருக்கிறது?"

பழைய கல், பழைய கோயில் என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை. அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். தினமும் அந்த வளைவுகளைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாராம். இரவில் அங்கே விளக்கு எரியும், அது ஏதோ பெரிய ஹோட்டல் என்று நினைத்திருந்தாராம். ஏறிப் பார்க்க டிக்கெட் எவ்வளவு என்றார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். முற்றத்துக்கு டிக்கெட் கிடையாது என்று நான் சொல்லத் தொடங்கியபோது பஸ் வந்துவிட்டது.

குடந்தைவாசி:

மங்கை அம்மா, திருத்தத்துக்கு நன்றி. நாங்கள் உச்சிவரை போகவே இல்லை, அதனால்தான் தவறு. நாவலூரான் சொன்ன பாறையைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறோம்; எண்கள் இருப்பது தெரியாமல் போயிற்று.

பாலாற்றான், நாங்கள் வந்த பஸ்ஸிலும் மூன்று தலைப்பாகைகள் இருந்தன. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். பேசவில்லை. இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

மற்றபடி கேட்டவர்களுக்கு: ரப்பர் செருப்பில் ஏறாதீர்கள், அந்தக் கற்கள் வழுக்கும். பேராலயத்தைப் பார்க்க வேண்டுமானால் காலையில் போங்கள், இல்லையேல் மாலையில். மனைவி கடலில் கால் நனைத்தது மொத்தம் இருபது நிமிடம். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.