மறு: மக்ரோவுக்குத் தமிழ்: ‘மெய்யளவுப் படம்’ சரிவருமா?

> மக்ரோ என்றால் பெரியதுதானே. ‘பேருருப் படம்’ என்று வைத்தால் விடயம் முடிந்தது.

அண்ணை, முடியவில்லை. பூச்சி போன்ற சின்னப் பொருட்களை மிகக் கிட்டப்போய் எடுக்கும் படத்துக்கல்லவா பெயர் தேடுகிறோம். பேருரு என்றதும் எனக்குக் கோணேசர் கோயில் வாசலில் இருக்கும் சிவன் சிலைதான் கண்ணுக்குள் வருகிறது. நாங்கள் எடுப்பதோ மாவிலையில் ஓடும் முசுறு எறும்பு. பேரினப் பொருளியலில் ‘பேரினம்’ பொருந்தும், அங்கே முழு நாட்டையும் பார்க்கிறார்கள்.

> அப்படியென்றால் ‘நுண்படம்’?

அழகான சொல். ஆனால் அதை நுணுக்குக்காட்டியில் எடுக்கும் படத்துக்கு விட்டுவைப்பதே நல்லது. நிக்கோன் தன் மக்ரோ லென்ஸ்களுக்கு ‘மைக்ரோ’ என்று பெயர் வைத்து ஏற்கனவே போதுமான அளவு குழப்பியிருக்கிறது.

மக்ரோ என்ற சொல்லை மொழிபெயர்க்கும் யோசனையை விட்டுவிட்டு, கமராவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். பூச்சி எவ்வளவு பெரிதோ, கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரில் விழும் விம்பமும் அவ்வளவே: 1:1. பள்ளிக்கூட ஒளியியல்தான். பொருள் லென்ஸின் குவியத்தூரத்தின் இருமடங்கில் இருந்தால், விம்பமும் மறுபக்கம் இருமடங்கில், அதே பருமனில் விழும். 50 மில்லிமீற்றர் குவியத்தூர லென்ஸை முடிவிலியில் குவித்து வைத்து, பின்னால் 50 மில்லிமீற்றர் நீளக் குழாய் பூட்டினால் 1:1 கிடைப்பதும் இதனால்தான். ஆகவே இதற்கு ‘மெய்யளவுப் படம்’. அதற்குக் கீழே, குளோசப் என்கிறோமே, அதற்கு ‘அண்மைப்படம்’.

சொல்லுக்குள்ளேயே அளவு இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் நான் பகிர்ந்த தும்பியை எல்லோரும் நல்ல மக்ரோ என்று பாராட்டினீர்கள். அது 1:3 அளவில், அதாவது விம்பம் தும்பியின் மூன்றிலொரு பங்காக விழ எடுத்து, கணினியில் வெட்டிப் பெருப்பித்த படம். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ‘மெய்யளவு’ என்று எழுதவேண்டி வந்திருந்தால் கை கூசியிருக்கும்.

என் மருமகள் உடனே மடக்கினாள்: “மெய்யளவு என்றால் திரையிலும் எறும்பு எறும்பளவில்தானே தெரியவேணும்?” நியாயமான கேள்வி. இங்கே அளவு சென்சரோடு நின்றுவிடுகிறது, திரைக்கு வராது. ‘மெய்யளவு விம்பப் படம்’ என்று நீட்டினால் சரியாக இருக்கும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். வரைவிலக்கணத்தில் ஒரு வரி சேர்த்துச் சமாளிக்கலாம் என்பது என் எண்ணம். வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

போன்காரர்கள் பாடு இன்னும் சிக்கல். பெரிய முசுறு ஒன்று ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். 36 மில்லிமீற்றர் அகலச் சென்சரில் 1:1 எடுத்தால் அது கால்வாசி அகலத்தைக்கூடப் பிடிக்காது. பல போன்களின் சென்சரோ முசுறின் நீளத்தை ஒட்டியதுதான், 1:4 எடுத்தாலே படத்தில் நன்றாகத் தெரியும். அதனால் போனில் எடுத்தவர்கள் விகிதத்தை விட்டுவிட்டு, படத்துக்குள் எத்தனை மில்லிமீற்றர் அகலம் அடங்கியது என்று எழுதலாம். அதே தூரத்தில் அடிமட்டத்தை வைத்து இன்னொரு படம் எடுத்தால் கணக்கு வந்துவிடும். சொல்லப்போனால் பெரிய கமராக்காரர்களும் அப்படி எழுதுவதே நேர்மை. நான் உட்பட.

அப்புறம், வெவ்வேறு தூரத்தில் குவித்து எடுத்த பல படங்களை முழுதும் தெளிவான ஒன்றாக்கும் வேலைக்கு ‘குவிய அடுக்கல்’ என்று எழுதி வருகிறேன். எதிர்ப்பு இல்லையென்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 1:1 இல் லென்ஸின் துவாரத்தை எஃப்/8 வரை சுருக்கி வைத்தாலும் தெளிவு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான், முசுறின் கண் துலங்கினால் பின்கால் மங்கிவிடும். அடுக்காமல் முடியாது. ஆனால் முசுறு நிற்கவேண்டுமே! கச்சான் காற்று வீசுகிற நாளில் இலையும் நிற்காது. நான் இதுவரை ஒழுங்காக அடுக்கியது செத்த வண்டு ஒன்றை மட்டும்தான், அதுவும் சமையலறை மேசையில். மெய்யளவுதான், அளந்து பார்த்துவிட்டேன். நாளைக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து