பொருள்: ‘இடைவிட்ட உயிர்வளிக்குறை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் திரும்பத் திரும்பக் குறைந்து மீளும் நிலையை ஆங்கிலத்தில் intermittent hypoxia என்பார்கள். அதைத் தமிழில் குறிக்க நம் கலைச்சொல் உரையாடலில் இதுவரை ‘மூச்சுத்திணறல் சுழற்சி’, ‘முறைவளிக்குறை’, ‘தாழ்வளிப் பழக்கம்’ என்ற மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

மூச்சுத்திணறல் என்பது நோயாளி உணர்வது. ஆக்சிஜன் குறைவது உடலுக்குள் நடப்பது. இரண்டும் சேர்ந்தே வரும் என்பதில்லை. மூச்சை அடக்கும்போது நெஞ்சு தவிப்பதற்குப் பெரிதும் காரணம் இரத்தத்தில் ஏறும் கரியமில வாயுதான். 2020இல் கொரோனா நோயாளிகள் சிலர், விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இரத்த ஆக்சிஜன் செறிவை 80 விழுக்காட்டை ஒட்டிக் காட்டியபோதும் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்ததை மறக்க முடியாது. சொல்லிலேயே திணறலை வைத்துவிட்டால், திணறாதவருக்குக் குறை இல்லை என்று படிப்பவர் எண்ணிவிடுவார். மருத்துவச் சொல்லில் அப்படியொரு பிழைக்கு இடம் தரக் கூடாது.

‘முறை’ என்ற முன்னொட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலை ‘முறைக்காய்ச்சல்’ என்றார்கள் நம் முன்னோர். அந்த மரபைத் தொட்டுச் சொல் படைத்த நண்பருக்கு என் பாராட்டு. ஆனால் இன்று ‘முறை’ என்றதும் வழிமுறை என்ற பொருள்தான் முதலில் தோன்றுகிறது. மேலும், வெறும் ‘வளி’ போதாது. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றில் வளி என்பது வாதம். ‘வளிக்குறை’ என்றால் சித்த மருத்துவர் வேறொன்றைத்தான் புரிந்துகொள்வார். ஆக்சிஜனைக் குறிக்கும் ‘உயிர்வளி’ என்ற சொல்லை முழுமையாகச் சொன்னால் அந்தக் குழப்பமும் இல்லை, இங்கே ஆக்சிஜன் என்றும் இலங்கையில் ஒட்சிசன் என்றும் எழுதும் வேறுபாடும் தடையாகாது.

‘தாழ்வளிப் பழக்கம்’ என்பதுதான் ஆழமாகப் பேச வேண்டியது. பழக்கம் என்ற சொல், உடல் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி நன்மையே என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. நடப்பதோ அப்படியில்லை. 1997இல் வெளியான லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் ஆய்வில், ஓட்ட வீரர்கள் நான்கு வாரம் 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்களும் பெருகின, ஓட்டமும் மேம்பட்டது. இங்கே பழக்கம் என்பது பொருந்தும். இனி, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவரைப் பாருங்கள். குறட்டை சட்டென்று அடங்கும்; மார்பும் வயிறும் எழும்பித் தாழும், ஆனால் மூக்கருகே கை வைத்தால் காற்று வராது. பத்து விநாடிக்கு மேல் கழித்து ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். அதற்கும் சற்றுப் பின்னரே விரலில் உள்ள கருவியில் எண் 95இலிருந்து 85க்குச் சரிந்து பிறகு ஏறும், ஏனெனில் நுரையீரலில் நடப்பது விரலுக்கு வந்துசேர நேரம் எடுக்கும். கடுமையான நோயில் இது மணிக்கு முப்பது முறைக்கு மேல் நிகழும். கழுத்துத் தமனியில் ஆக்சிஜனை அளந்து மூளைக்குச் சொல்லும் சிறு உறுப்பு, இந்த ஏற்ற இறக்கத்தால் மேலும் மேலும் கூருணர்வு பெறுகிறது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும் பரிவு நரம்புகள் பகலிலும் முடுக்கப்பட்டே இருக்கின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதைப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு நிலைகளுக்கும் அடியில் ஓடும் பொறிமுறையில் பொதுவான பகுதி உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, செல்லில் உருவாகும் ஹிஃப் (HIF) என்ற புரதம் உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. குறைந்தால் அது நிலைத்து, சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் உள்ளிட்டவற்றின் மரபணுக்களை இயக்குகிறது. கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது இத்துறையின் கண்டுபிடிப்புகளுக்காகவே. ஆகவே எத்தனை முறை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து நன்மையாகவும் தீமையாகவும் திரும்பக்கூடிய ஒரு நிலைக்கு நடுநிலையான சொல்தான் தகும்.

எனவே என் முன்மொழிவு: இடைவிட்ட உயிர்வளிக்குறை. ‘இடைவிடாத மழை’ என்று எல்லோரும் சொல்கிறோம். அதன் எதிர்ச்சொல்லை விளக்கமின்றியே எவரும் புரிந்துகொள்வார். உடல் காட்டும் விளைவைப் பொதுவாகச் சொல்லப் பள்ளிப் பாடநூல்களில் உள்ள ‘துலங்கல்’ போதும். மலையேறியவர் உடல் சில நாளில், சில வாரத்தில் மாறிக்கொள்வதைப் ‘பழகல்’ என்போம். ‘தகவமைவு’ என்பதைத் தலைமுறைகளில் மரபணுவில் பதிந்ததற்கு மட்டும் ஒதுக்க வேண்டுகிறேன்; திபெத்தியர்களின் இபாஸ்1 (EPAS1) மரபணு வேறுபாடு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அவர்களுடைய ஹீமோகுளோபின் உயரத்திலும் மிகையாக ஏறுவதில்லை. சமவெளியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் சென்று தங்குபவருக்கோ அது ஏறும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த அழகான வேறுபாடே மறைந்துபோகும்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. சிலியில் கடலோர நகரங்களிலிருந்து 4,000 மீட்டருக்கு மேலுள்ள சுரங்கங்களுக்குச் சென்று சில நாள் வேலை, சில நாள் ஓய்வு என்று ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிலையை ‘நாட்பட்ட இடைவிட்ட உயிர்வளிக்குறை’ என்று எழுதினால் இரண்டு பெயரெச்சங்கள் அடுத்தடுத்து வந்து நாக்கில் இடறுகின்றன. ‘நெடுநாள் இடைவிட்ட’ என்பது சற்றுச் சரளமாக இருக்கிறது. ஆனால் ‘நாட்பட்ட நோய்’ என்ற நிலைபெற்ற வழக்கிலிருந்து அது விலகுகிறது. இதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.